நாய்க்கும் எனக்கும் ஒரே மருந்து

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் அக்கா வீட்டில் சௌகரியமாகத்தான் இருப்பீர்கள். இங்கே நானும் குண்டனும் நலம்.

பெட்டியோடு கிளம்பும்போது, "நீயும் இந்த நாயும் ஒண்ணு. தின்னுட்டுத் தூங்குறது, வீடு பூரா முடி கொட்டுறது" என்றீர்களே, அது நூற்றுக்கு நூறு உண்மை.

குண்டனின் வால் எலி வால் மாதிரி மொட்டையானதும் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். "தைராய்டு சுரப்பு குறைஞ்சா தோல் வறண்டுடும், முடியோட வேர் தூங்கிடும். நாயானாலும் மனுஷனானாலும் இதே கதைதான்" என்றவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏம்மா, உங்க புருவத்தோட ஓரம் எங்க போச்சு?"

மனுஷ டாக்டரிடம் போனேன்; எனக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதேதான்!

இப்போது இருவருக்கும் காலையில் மாத்திரை, பிறகு நடை. அவன் வால் புசுபுசுவென்று ஒட்டடைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. என் தலையிலும் புதுமுடி குத்திட்டு நிற்கிறது. சீப்புக்கு மறுபடி வேலை வந்துவிட்டது. உங்கள் தம்பி கல்யாணத்தில் யாரும் கேள்வி கேட்கக் கூடாதென்று வாங்கித் தந்தீர்களே ஒரு விக், அதன்மேல்தான் குண்டன் படுத்துக்கொள்கிறான்.

திரும்பி வருவதென்றால் சொல்லிவிட்டு வாருங்கள். அவன் முன்போல் சுருண்டு கிடப்பதில்லை, சொல்லாமல் வருகிறவர்களைப் பார்த்துக் குரைக்கிறான். நானும் அவனும் ஒன்று என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

இப்படிக்கு,
முழுப் புருவத்துடன்,
உங்கள் மனைவி