நான் கண்ட குள்ளக் கானாங்கோழி

வுப்பர்டால்
மே 11, ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகள் வேணுஜாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே ஹலிஃபாக்ஸில் நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்தக் கடற்காற்றுக்கு ஏற்றபடி உடுத்து இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். நாங்கள் இங்கே சுகம். அம்மாவின் முழங்கால் ஒப்பரேஷன் சரிவந்துவிட்டது, ஆனால் படி இறங்கும்போது இன்னும் முகத்தைச் சுழிக்கிறா, கேட்டால் ஒன்றுமில்லை என்கிறா. தம்பி நிசாந் போன கிழமை எர்லாங்கனில் இருந்து வந்து இரண்டு நாள் நின்றான். சைக்கிளில் வேலைக்குப் போய்வந்து ஆள் நன்றாக மெலிந்துவிட்டான், அம்மா அந்த இரண்டு நாளும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். போனில் கதைத்தால் நீ இடையில் புகுந்து ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவாய், நானும் சரி சரி என்று வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக, முழுவதையும் வாசி.

லெஸ்வோஸ் தீவுப் பயணம் எப்படி என்று நீ கேட்டபோது நல்லது என்று ஒரே சொல்லில் முடித்தேன். அது பொய் இல்லை. வசந்தத்தில் ஆபிரிக்காவில் இருந்து வடக்கே வருகிற பறவைகள் கடலைத் தாண்டிக் களைத்துப்போய் அந்தத் தீவில் வந்து விழுகின்றன, அதைக் கண்ணால் கண்டேன். ஒரு நாள் காலமை மின்கம்பி முழுக்கப் பஞ்சுருட்டான், எண்ண ஏலாது. உப்பளத்தில் பூநாரைகள். வேலையை விட்டு நின்ற பிறகு நான் எனக்கென்று செய்த முதல் காரியம் அது. முழங்காலால் அம்மா வரவில்லை, கொக்குப் பார்க்கக் கிரேக்கத்துக்குப் போகிற மனுசன் நீங்கள் ஒராள்தான் என்று சொல்லித்தான் பெட்டி அடுக்கித் தந்தா. பதினொரு பேர் போனோம். கூட்டிக்கொண்டு போனவர் உன்னுடைய ப்ரிங்க்மன், உனக்குப் பன்னிரண்டு வயதில் பறவைக் குழுவில் முதல் தொலைநோக்கி இரவல் தந்த அதே மனுசன். தலை முழுக்க நரைத்துவிட்டது, காதும் கொஞ்சம் மந்தம். உன் பெயரை எல்லோருக்கும் சொன்னார், கனடாவில் கடற்பறவை ஆராய்ச்சி செய்கிற பிள்ளையின் தகப்பன் இவர் என்று. அந்த ஒரு நாள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள், ஏப்ரல் இருபத்திநாலு, காலமை ஏழு இருபது. ஆறு கடலில் விழுகிற இடத்துக்குக் கிட்ட, நாணல் அடர்ந்த ஒரு வாய்க்கால். மற்றவர்கள் தலைக்கு மேலே போன ஒரு பருந்துக்குப் பின்னால் ஓடிவிட்டார்கள். நான் ஓடவில்லை, நாணலுக்குள் ஏதோ அசைந்தது போல இருந்தது. நின்றேன். வந்தது. சிட்டுக்குருவியிலும் கொஞ்சம்தான் பெரிது, சேற்றில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது. அது கானாங்கோழி என்பது கண்டவுடனேயே தெரிந்தது. எந்தக் கானாங்கோழி என்பதுதான் கேள்வி. கிட்டத்தட்ட ஒரே மாதிரி இரண்டு வகை உண்டு, ஜேர்மன்காரர் ஒன்றைச் சின்னது என்றும் மற்றதைக் குள்ளன் என்றும் சொல்வார்கள், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாங்கள் இரண்டு பேரும் அப்படியே தமிழில் பெயர் வைத்தோம், உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. சின்னது அந்தத் தீவில் எல்லா வசந்தத்திலும் வரும். குள்ளன் வருவது மிக அருமை. சின்னதின் அலகில் அடியில் சிவப்பு இருக்கும். நான் கண்டதில் சிவப்பு இல்லை, அலகு முழுக்கப் பச்சை. வயிற்றுப் பக்கத்து வெள்ளை வரிகள் காலைத் தாண்டி முன்னுக்கு வந்திருந்தன. செட்டை நுனி கட்டை. மூன்று நிமிடம் பார்த்தேன், வேணுஜா. முதல் நிமிடம் நானே நம்பவில்லை, பிழை பிடிக்கத்தான் பார்த்தேன். இரண்டாம் நிமிடமும் பிழை பிடிக்கத்தான் பார்த்தேன். மூன்றாவது நிமிடம்தான் சந்தோசப்பட்டேன்.

கூப்பிட்டேன், ப்ரிங்க்மன் ஐந்தாறு பேரோடு வந்தார், அதற்குள் அது நாணலுக்குள் போய்விட்டது. பத்து நிமிடம் நின்றோம். பிறகு ஒன்று வெளியே வந்தது, சின்னதின் பெட்டை. எல்லோரும் படம் எடுத்தார்கள், ப்ரிங்க்மன் என் தோளில் தட்டி இதுதான் உங்கள் பறவை, நல்லாகக் கண்டுபிடித்தீர்கள் என்றார். நான் இது வேறு, அது வேறு என்றேன். அவர், இருபது வருடமாக இங்கே வருகிறேன், குள்ளனை இரண்டு தரம்தான் கண்டேன் என்று சிரித்துக்கொண்டு சொன்னார். நான் அலகைச் சொன்னேன், வரியைச் சொன்னேன், செட்டையைச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், ஒன்றையும் எழுதவில்லை.

பின்னேரம் சாப்பாட்டு மேசையில் அன்று கண்ட பறவைகளின் பட்டியலை வாசிப்பார்கள். குள்ளன் அதில் இல்லை. நான் எழுதச் சொல்லிக் கேட்டேன். கொஞ்சம் அடம் பிடித்துத்தான் கேட்டேன், ஒளிக்கத் தேவையில்லை. அப்போதுதான் அந்த மனுசன், நல்ல எண்ணத்தோடுதான், உங்கள் மகளையே கேட்போமே, அவளைவிட யாருக்குத் தெரியும் என்று சொல்லி உனக்குப் போன் போட்டார். உனக்கு அங்கே மத்தியானம். காது கேளாததால் ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில், ஒலிவ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் அவருக்கு எதிரில் இருந்தேன், உனக்கு அது தெரியாது. உன் குரல் வந்தவுடன் எனக்கு முகம் மலர்ந்தது, அதுதான் இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நீ என்ன சொன்னாய் என்பது உனக்குத் தெரியும். ஜேர்மன் மொழியில் சொன்னாய், என்றாலும் என் காதில் அது நம்முடைய தமிழிலேயே விழுந்தது. "அது சின்னதாத்தான் இருக்கும். அப்பா தான் ஆசைப்பட்டதைத்தான் காணுறவர். அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, பாவம், சந்தோசமா இருக்கட்டும்." சிரித்தும் சொன்னாய். ப்ரிங்க்மன் அவசரமாகப் போனைத் தூக்கினார், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் நான் கோபித்துக்கொண்டு எழும்பியிருப்பேன். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா பாண் கூடையை என் பக்கம் மெல்லத் தள்ளினா. நான் ஒரு துண்டு பாண் எடுத்துச் சாப்பிட்டேன்.

நான் நம்பப்படாதது முதல் தரம் இல்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு முதல் இந்த நாட்டில் அகதிகளை விசாரிக்கிற ஒரு கந்தோரில் இருந்துகொண்டு என் கதையைச் சொன்னேன், அந்த அதிகாரி ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டான், கடைசியில் இது நடந்திருக்கக் கூடியதா என்று என்னிடம் கேட்காமல் மொழிபெயர்த்தவரிடம் கேட்டான். எனக்கு அவனில் கோபம் வரவில்லை. அவனுக்கு என்னைத் தெரியாது. நீ என் பிள்ளை. நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அலகு என்ன நிறம் என்று ப்ரிங்க்மனிடம் கேட்டாயா? இல்லை. வேறு யாராவது அப்படி ஒரு செய்தி சொல்லியிருந்தால் அதைத்தானே முதலில் கேட்டிருப்பாய்? உனக்கு நான் இன்னும் சனிக்கிழமைகளில் உன்னை மூன்ஸ்டர் குளங்களுக்குக் கூட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டுக் காருக்குள் நித்திரை கொள்கிற அப்பா. உண்மைதான், முதல் வருடம் நித்திரைதான் கொண்டேன். பிறகு உன் பறவைப் புத்தகத்தைக் காரில் இருந்தே வாசிக்கத் தொடங்கினேன். நீ கனடா போய்ப் பத்து வருடம், அந்தப் பத்து வருடமும் சனிக்கிழமை தவறாமல் நான் தனியப் போனேன். கண்டதை எல்லாம் கொப்பியில் எழுதினேன், ஏழு கொப்பி இருக்கிறது. நீ ஒரு நாளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாதது என் பிழை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த நாள் குழு மேற்குப் பக்கத்து மலைக்குப் போனது. நான் வயிறு சரியில்லை என்று நின்றுவிட்டு, ஹோட்டல்காரரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனேன். ஆறரையில் இருந்து பதினொரு மணி வரை இருந்தேன். போத்தலில் தண்ணீர் முடிந்துபோனது, வெயில் ஏறிவிட்டது, ஒன்றும் வரவில்லை. அந்த நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்தது, நான் உண்மையிலேயே ஆசைப்பட்டதைத்தான் கண்டேனோ என்று. பிள்ளை, நீ எனக்குச் செய்ததில் பெரியது அதுதான். என் கண்ணையே நான் நம்பாமல் அந்தச் சேற்றுக்கரையில் இருந்தேன். பிறகு ஒரு ஒல்லாந்துக்காரப் புருசனும் பெண்சாதியும் வந்தார்கள், நான் கையால் காட்டி மெதுவாக வரச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் குள்ளன் வெளியே வந்தது, நாலு மீற்றரில். பச்சை அலகு. அந்தப் புருசன் படத்துக்கு மேல் படமாக எடுத்தார், பெண்சாதி என் கையைப் பிடித்துக் குலுக்கினா. என் பெயரைக் கேட்டா, சொன்னேன், மறுபடி கேட்டா, மறுபடி சொன்னேன். படம் மத்தியானமே எல்லோருடைய போனுக்கும் போய்விட்டது. தீவில் காணப்பட்ட பறவைகளை ஒவ்வொரு நாளும் இணையத்தில் போடுகிறார்களே, அதில் படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்கள்: முதலில் கண்டவர் ஒரு ஜேர்மன்காரர். இத்தனை வருடத்தில் ஒருவரும் கேள்வி கேட்காமல் என்னை ஜேர்மன்காரன் ஆக்கியது அந்த ஒரு நாள்தான். என் பெயர் அதில் இல்லை.

அன்று பின்னேரம் ப்ரிங்க்மன் எழும்பி நின்று குள்ளனைப் பட்டியலில் வாசித்தார், எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் குழுவுக்குப் பெருமை என்றார். திகதியை இருபத்தைந்து என்று எழுதினார். நான் இருபத்திநாலு என்றேன். படம் இருப்பது இருபத்தைந்துக்குத்தானே என்றார்.

இவ்வளவும் நடந்தும் நான் உனக்கு இதை எழுதியிருக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து இறங்கிய அன்று உன் செய்தி வந்தது. ப்ரிங்க்மன் உனக்குப் படம் அனுப்பியிருக்கிறார் போல. "அப்பா சூப்பர்! நான் அப்பவே அவரிட்டச் சொன்னனான், எங்கட அப்பான்ர கண் பிழைக்காது எண்டு." அதற்குப் பின்னால் ஆறு சிரிக்கிற முகம். நான் அதை அம்மாவுக்குக் காட்டினேன், மேசையில் நடந்ததையும் சொன்னேன். அம்மா, "விடுங்கோவன், பிள்ளை சும்மா சொன்னதுதானே" என்றா. எதை, முதல் சொன்னதையா பிறகு சொன்னதையா என்று கேட்டேன். அவ எழும்பிப் போய் உலையில் அரிசி போட்டா. இதை உனக்கு எழுத வேண்டாம், பிள்ளை தனிய இருக்கிற இடத்தில் மனம் உடைந்துபோவாள் என்று இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறா. நீ என் கண்ணை நம்பாததை நான் பொறுப்பேன், எனக்குப் படிப்பு இல்லை, நீ படித்தவள். ஆனால் எனக்கு நீ பாவம் பார்த்துப் பொய் சொல்கிறாய் என்பதை இந்த வயதில் எப்படி விழுங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆடி மாதம் எங்களை அங்கே வரச் சொல்லி, வள்ளத்தில் கூட்டிப்போய் உன் தீவுகளையும் அங்கே கூடு கட்டியிருக்கிற பறவைகளையும் காட்டுவதாக எழுதியிருந்தாய். வருகிறோம். அம்மாவால் அந்தப் பெரிய விமான நிலையங்களில் தனிய நடக்க ஏலாது, அதனால் நானும் வருவேன். நீ காட்டுவதை எல்லாம் பார்ப்பேன். இது இன்ன பறவை என்று நீ சொன்னால் ஓம் என்பேன். நானாக ஒன்றையும் கைநீட்டிக் காட்ட மாட்டேன், அதை மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதே.

கடவுள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் வேலை நல்லபடி நடக்கட்டும், பாறைகளில் ஏறும்போது ஈரம் பார்த்துக் கால் வை. உன்னுடைய பாஸ்போட் ஐப்பசியில் முடிகிறது, கந்தோரில் நாள் கிடைக்க மாதக்கணக்கில் எடுக்கும், இப்போதே எழுதிக் கேள். இதற்குப் பதில் எழுதுவதென்றால் ஆறுதலாக எழுது, உண்மையாக எழுது.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா
வி. விஜயரத்தினம்