குழாயைச் சாய்க்கும் கை

ஜனவரி 24, செவ்வாய். உட்ரெக்ட்.
இன்றும் உறையவில்லை. சிலிக்காத் துகளும் உப்பும் கலந்த என் கூழ்மக் கரைசல் கண்ணாடிக் குழாயில் எட்டு மாதமாகத் தண்ணீராகவே நிற்கிறது. லேசர் பட்டுச் சிதறும் ஒளி திரையில் புள்ளி புள்ளியாகத் துடிக்கிறது. கரைசல் உறைந்து ஜெல்லானால் துகள்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துடிப்பு நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. மாட்டிக்கொண்டது நான்தான் — இந்த ஜன்னலில்லாத அறையில்.

பிப்ரவரி 8
பேராசிரியர் ஹெஸ்ஸல் சீஸ் ரொட்டியை மென்றபடி சொன்னார்: "உறையலைன்னா அதுவும் ஒரு முடிவுதானே, வீட்ஸ்கே. கட்டுரையா எழுதி ஆய்விதழுக்கு அனுப்பிடு."
எழுதிவிட்டேன்: இந்தக் கரைசல் உறையாது. ஜூன் முப்பதோடு இங்கே என் வேலை ஒப்பந்தம் முடிகிறது. ஜூலையில் டெவென்டர் பெயின்ட் ஆலையில் வேலை. அங்கே ஜன்னல் இருக்கிறது, கேட்டுவிட்டேன்.

ஏப்ரல் 18
கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்! "நல்ல சேதி உன்னோடது, கேக்கும் நீதான் வாங்கணும்" என்றார் ஹெஸ்ஸல். வாங்கினேன்.

ஏப்ரல் 26
கட்டுரையில் ஒரு படம் மட்டும் இன்னும் தெளிவாக வேண்டுமாம். நாளை மன்னர் பிறந்தநாள். நான்கு நாள் ஆய்வகம் பூட்டு. புதுக் குழாயை லேசரில் வைத்து, கணினியைப் பதியவிட்டு, அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறேன்.

மே 1
நின்றுவிட்டது.
மூன்றாம் நாள் காலையிலேயே துடிப்பு நின்றிருக்கிறது. குழாயைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு அசையவில்லை.
அதே கரைசல், அதே உப்பு. என்னதான் மாறியது? நான் இல்லை, அவ்வளவுதான். தினமும் காலையில் 'உறைந்ததா' என்று குழாயை எடுத்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தானே லேசரில் திரும்ப வைப்பேன்! இரவெல்லாம் துகள்கள் பின்னிய வலையைக் காலையில் நானே அறுத்திருக்கிறேன். எட்டு மாசம். சே, மடச்சி!
சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?

மே 2
சொல்லவில்லை.

மே 4
சொல்லிவிட்டேன். ஹெஸ்ஸல் முகம் சிவந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.
"நீ காலையில சாய்ப்பே. நீ சாப்பிடப் போனதும் நான் வந்து சாய்ப்பேன். முப்பது வருஷப் பழக்கம், கை சும்மா இருக்காது" என்றார். பிறகு, "கட்டுரையைத் திரும்ப வாங்கிடலாம். எல்லாத்தையும் மறுபடி அளக்கணும், டிசம்பர் வரைக்கும் ஆகும்."
"அப்ப என் டெவென்டர் வேலை?"
அழுகை வந்தது, அவர் எதிரில் அழவில்லை.

ஜூலை 3
டெவென்டரில் இன்று வேறு யாரோ சேர்ந்திருப்பார்கள். எனக்கு ஆறு மாத நீட்டிப்பு, அதே அறை. புதுக் குழாய் லேசரில் இருக்கிறது. நான் தொடவில்லை.
மதியம் ஹெஸ்ஸல் எட்டிப்பார்த்தார். வெகுநேரம் நின்றார், இரண்டு கைகளையும் பேன்ட் பையில் விட்டுக்கொண்டு.