புஸ்வாணப் பெட்டியில் பிலிம் ரோல்

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு,

துபாயில் சுகமாக இறங்கிவிட்டேன். மாமிக்கு மூட்டுவலி தேவலையா?

இங்கே கழுவக் கொடுக்கச் சொல்லி நீங்கள் தந்துவிட்ட உங்கள் ஸ்டுடியோ பிலிம் ரோலும் சுகம். ஸ்கேனரில் போனால் கெட்டுவிடும் என்று அத்தனை தரம் சொன்னீர்களே, அதைக் காலிப் புஸ்வாணப் பெட்டியிலா வைத்துத் தருவது? "என்னம்மா, வெடியா?" என்று மதுரை ஏர்போர்ட்டில் பதறிவிட்டார்கள்.

"பிலிம் சார், மெஷின்ல போட்டுறாதீக, கையிலயே பாருங்க" என்று கெஞ்சினேன். அதைப் பூப்போல எடுத்துப் பார்த்துத் தந்தார்கள். என்னைத்தான் மெஷினுக்குள் நடக்கவிட்டார்கள்.

வழியனுப்பும்போதும் "ரோல் பத்திரம்" என்றுதானே சொன்னீர்கள்? அதைப் பார்த்தாலே வயிறெரிகிறது.

சாத்தூர் சேவு கொஞ்சம் அனுப்புங்கள். பெட்டிமேல், ரோலுக்கு எழுதியதுபோலவே "மிகவும் பத்திரம்" என்று எழுதி, பக்கத்தில் என் பெயரைப் போடுங்கள். டியூட்டிக்கு அழைத்துப்போக ஆஸ்பத்திரி வேன் வந்துவிட்டது.

இப்படிக்கு,
மெஷினுக்குள் நடந்துபோன உங்கள் ஜெபிஷா