பற்று விட்ட அடுப்பு

சேசு மரி சூசை துணை

பாலக்கரை,
திருச்சிராப்பள்ளி,
21-1-1944

அன்பு மகள் பேட்ரிசியாவுக்கு அப்பா பிச்சைமுத்து எழுதுவது. நானும் அம்மாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய். அதை நம்பத்தான் ஆசை.

சண்டை முடிகிறவரை மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். அம்மா பொழுது சாய்வதற்குள் சமையலை முடித்துவிடுகிறாள். முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் பூசைக்குப் போகாமல் இருப்பதில்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பச்சைமலையில் விறகெல்லாம் பனியில் ஊறிக் கிடப்பதாகவும், நான் செய்து கொடுத்த ஸ்பிரிட் அடுப்பு இருப்பதால்தான் பிரசவம் பார்க்கப் போகிற வீட்டில் கத்தரிக்கோலைக் கொதிக்கவைக்க முடிகிறதென்றும் எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு வரி. இருளாயி என்கிற மலைக்காரப் பெண்ணுக்கு அந்த அடுப்பால் கையில் லேசாகச் சுட்டுவிட்டது, அடுப்பின் மேல் குற்றமில்லை, அவள் அவசரமாக ஊற்றியதுதான் காரணம் என்று. உனக்கு வேலை அதிகம் என்பதால் பள்ளிக்கூடத்து வாத்தியாரை எழுதச் சொன்னதாகவும் இருந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கோயிலுக்குப் போய் இருளாயிக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

மறுநாள் துறையூர் பஸ் ஓட்டும் சேக் மைதீன் பட்டறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு பாப்பா சொல்லியிருக்குங்க. இருளாயி நம்ம பஸ்ஸுலதான் களிம்பு வாங்க வந்தா. வெந்தது அவ கை இல்லீங்க" என்றார். உன் வலது கையாம், மணிக்கட்டு வரைக்கும். அதைத் துணியில் சுற்றிக்கொண்டு இடது கையாலேயே இருளாயியின் மருமகளுக்குப் பிரசவம் பார்த்தாயாம். "தாயும் புள்ளையும் நல்லாருக்காங்க" என்று அதையும் சொன்னார்.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் கெஞ்சி அரை பாட்டில் ஸ்பிரிட் வாங்கிவந்து, உனக்குச் செய்தது போலவே இன்னொரு அடுப்பு செய்து பற்றவைத்துப் பார்த்தேன். ஸ்பிரிட் இருக்கும்வரை தகரம் அவ்வளவாகச் சுடவில்லை. அது வற்றும் நேரத்தில் விளிம்பு காய்ந்து, பக்கத்தில் தகரத்தை ஒட்ட நான் வைத்த ஈயப்பற்று வியர்த்து உருகிச் சொட்டிவிட்டது. மறுபடி ஊற்றினால் ஸ்பிரிட் அடியில் ஒழுகாமல் என்ன செய்யும்? பகல் வெளிச்சத்தில் அந்தத் தீயும் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துத்தானே ஊற்றியிருப்பாய்.

பேட்ரிசியா, ஓரத்தை மடித்துத் தட்டியிருக்க வேண்டும். முப்பது வருஷமாகத் தகரம் வெட்டுகிற எனக்கு அது தெரியாததல்ல. ஸ்ரீரங்கத்து ஏகாதசிக் கடைக்காரர்கள் விளக்குக்கு அவசரப்படுத்தினார்கள். மடித்துத் தட்ட அரை நாள் ஆகும் என்று ஈயப்பற்று வைத்தே கொடுத்துவிட்டேன். அடுப்பின் மேல் குற்றமில்லை என்று நீ எழுதியதை அதற்குப் பிறகு என்னால் படிக்க முடியவில்லை.

இப்போது வேறு ஒன்று செய்திருக்கிறேன். இரண்டு சிகரெட் டப்பாக்களை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றை இறுக்கி, ஓரத்தை மடித்துத் தட்டியிருக்கிறேன். பொட்டு ஈயம் கிடையாது. உள்ளே பஞ்சு அடைத்திருப்பதால் சாய்ந்தாலும் கொட்டாது. விளிம்பைச் சுற்றிப் பதினாறு ஓட்டை. காற்று அடிக்காமல் சுற்றிலும் ஒரு தகரத் தடுப்பு. பழைய அடுப்புக்கு இரண்டு அவுன்ஸ் ஆகும், இதில் ஒரே அவுன்ஸில் ஒரு சொம்புத் தண்ணீர் கொதிக்கிறது. ஒன்பது தடவை வற்றவிட்டுப் பார்த்துவிட்டேன். ஆனாலும் நன்றாக ஆறாமல் ஊற்றக் கூடாது. தீ இருக்கிறதா என்று காய்ந்த இலையை நீட்டிப் பார், கையை நீட்டாதே. இதைத் தொடவே உனக்கு மனம் வராவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் கிளம்பவும் முடியாது. இன்று ராத்திரி சொல்லிவிடுவேன்.

திங்கட்கிழமை மைதீன் பஸ்ஸில் துறையூர் வந்து, அங்கிருந்து நடந்தே மலை ஏறி வருகிறேன். என்னைக் கூப்பிட நீ இறங்கி வர வேண்டாம். இனி அந்தக் கையால் கத்தரிக்கோல் பிடிக்க முடியுமா என்று மைதீனிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. உன்னிடமும் கேட்க மாட்டேன். நான் வந்து நிற்கும்போது அதை முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளாதே, கண்ணு. கட்டை அவிழ்த்து என்னிடம் காட்டு. மாதா உன்னை எப்போதும் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளட்டும்.

உன் அப்பா,
பிச்சைமுத்து