கன்னத்து வீக்கமும் கோதாபாயின் சங்கிலியும்

கார்த்திகை 9

விடிந்ததிலிருந்து தூறல். வைகையில் தண்ணீர் வருகிறதாம். மண்ணெண்ணெய் இன்றும் இல்லை. யுத்தம் முடிகிறவரை இப்படித்தான்.

என் விசாலத்துக்குக் கடைவாய்ப் பல்வலி நின்றுவிட்டது! எத்தனை நாள் கிராம்பை அடக்கிக்கொண்டு படுத்தாள், பாவம். "தானா விட்டுருச்சுங்க. டாக்டரும் வேணாம், கொறடும் வேணாம்" என்று அதே பக்கமாக முறுக்கைக் கடித்துக் காட்டினாள். அம்மனுக்கு ஓர் அர்ச்சனை. குடைக்குக் கம்பி மாற்ற வேண்டும்.

கார்த்திகை 11

வெயில். வி.க்கு இடது தாடையில் வீக்கம், எலுமிச்சம்பழம் போல. காய்ச்சலும். பால்காரி பார்த்ததும், "அட, இது பொன்னுக்கு வீங்கிதான்! தங்கத்தக் கழுத்துல போட்டா வாடிப்போகும்."

பெயரே வைத்தியம் சொல்கிறது. எங்கள் சங்கிலி மகளின் கல்யாணத்தோடு திருநெல்வேலிக்குப் போய்விட்டது. எதிர்வீட்டுக் கோதாபாய் (சௌராஷ்டிரக் குடும்பம், கணவருக்குச் சேலை வியாபாரம்) தன் குட்டைச் சங்கிலியைக் கழற்றி வி. கழுத்தில் போட்டுவிட்டார். யார் செய்வார்கள்? வாசலில் வேப்பிலை. இனி இது அம்மை கண்ட வீடு. தாளிப்பு இல்லை, மருந்து இல்லை, டாக்டர் பேச்சே இல்லை.

கார்த்திகை 12

வி. கஞ்சி குடிக்கவில்லை. வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் துணியில் துடைக்கிறாள். பேச்சு குழறல்.

கோதாபாய் வந்தார். நெற்றியைத் தொடவில்லை, சங்கிலியைத் தொட்டார். நேற்றுத் தளர்ந்து கிடந்தது, இன்று சதைக்குள் பதிந்திருந்தது.

"வாத்தியாரய்யா, பொன்னு போட்டா வீக்கம் வத்தணும். இது கழுத்துக்கில்ல எறங்குது. அக்காவுக்குப் பல்லு வலிச்சது எந்தப் பக்கம்?"

"இதே பக்கம்" என்றேன். சொல்லும்போதே புரிந்தது. வலி போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. மடையை அடைத்தால் தண்ணீர் கரையை உடைக்கும்.

வண்டி பிடிக்க எழுந்தேன். வி. தலையை ஆட்டினாள். "அம்மையோட... ஆஸ்பத்திரியா... வரமாட்டேன்." கெஞ்சினேன். அசையவில்லை.

கோதாபாய் கையை நீட்டினார். "அப்ப என் சங்கிலியக் குடுங்கக்கா. ஆத்தாளுக்குன்னுதான் குடுத்தேன். சொத்தப் பல்லுக்கெல்லாம் நான் நகை போடுறதில்ல."

வி. முறைத்த முறைப்பு! என்ன செய்வாள்? பொன் போனால் அம்மைச் சடங்கும் போயிற்று. சதையில் அழுந்திய கொக்கியைக் கோதாபாயே கழற்றினார். கைத்தாங்கலாக ஜட்கா வண்டியிலும் ஏற்றினார்.

பெரியாஸ்பத்திரி. கீறினார்கள். சீழ், அம்மாடி. சொத்தைப் பல்லும் வெளியே.

கார்த்திகை 13

ஆஸ்பத்திரி பெஞ்சில் எழுதுகிறேன். காய்ச்சல் இறங்குகிறது. காபி கேட்டாள்! கேட்டது காதில் தேன்.

டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. "பொன்னுக்கு வீங்கி இல்லய்யா. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா மூச்ச அடைச்சிருக்கும்." அவர் சொன்னவை, மறக்குமுன்:

சொத்தைப் பல்லின் வலி தானாக நின்றால் குணமல்ல. உள்ளே நரம்பு செத்திருக்கும். அப்போதே காட்ட வேண்டும். (வகுப்பாக இருந்தால் சொல்வேன்: மணி அடிக்கவில்லை என்றால் பள்ளிக்கூடம் விட்டதாக அர்த்தமில்லை, மணி உடைந்திருக்கலாம்.)

வீக்கத்தின்மேல் சூட்டு ஒத்தடம் கூடாது. வாய்க்குள் உப்புப் போட்ட வெதுவெதுப்பான நீர்.

வாய் திறக்கவில்லை, விழுங்க முடியவில்லை, நாக்கடியில் வீக்கம் - காத்திருக்கவே கூடாது.

செங்கல்பொடியால் பல் தேய்ப்பது இன்றோடு சரி. எனக்கும்தான். சாப்பிட்டதும் கொப்பளிக்க.

வி. காபி ஆறிப்போச்சு என்று என்னைத் திட்டினாள். பக்கத்துக் கட்டில் அம்மாள்: "பல்லு போனா சொல்லு போச்சும்பாக. இங்க பல்லு போயில்ல சொல்லு வந்திருக்கு!" வார்டே சிரித்தது.

கார்த்திகை 18

பனி. வீடு வந்தாயிற்று. ரசத்துக்குக் கடுகு தாளித்த வாசனை. வேப்பிலை காய்ந்துவிட்டது, எடுக்க மனமில்லை, இருக்கட்டும். அம்மன் கோபித்ததாகத் தெரியவில்லை.

சாயங்காலம் இருவருமாகக் கோதாபாய் வீடு. மல்லிகை இந்தப் பனியில் கண்ணிலேயே படவில்லை. கனகாம்பரம் இரண்டு முழம். நான் நன்றி சொல்ல வார்த்தை கூட்டிக்கொண்டிருந்தேன். வி. முந்திக்கொண்டு அவர் தலையில் வைத்துவிட்டாள். "பொன்னு வைக்கிற எடத்துல பூ வைக்கிறேன், கோதா." நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"அது கெடக்கட்டும். எங்க, வாயத் தொறங்க."

திறந்தாள். ஆ என்று, முழுசாக, பல் போன இடம் தெரிய. கோதாபாய் குனிந்து பார்த்தார். கழுத்தில் அதே சங்கிலி.

"கதவு நல்லாத் தொறக்குது வாத்தியாரய்யா. இனிமே ஒங்க பாடுதான் திண்டாட்டம்."

திண்டாட்டமே வரட்டும். கல்லுப்பு வாங்க வேண்டும்.