சிவப்புக் கட்டம்

ஏங்க,

சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சூடுபண்ணிச் சாப்பிடுங்கள். சாவி பக்கத்து வீட்டில்.

கேமராவை ரிப்பேர் செய்வதா, புதிதாக வாங்குவதா என்று ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டீர்களே, அந்தக் கவலை விட்டது. நானே கடைக்கு எடுத்துப் போனேன். எல்லாப் படத்திலும் என் முகம் மட்டும் கலங்கலாக விழுகிறது என்றேன். கடைக்காரர் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டார். ஃபோகஸ் வைத்த இடத்தில் சிவப்பாக ஒரு கட்டம் தெரியுமாம். என் பிறந்தநாள் படம் முதற்கொண்டு நீங்கள் எடுத்த நாற்பத்தொரு படத்திலும் அந்தக் கட்டம் என் தங்கச்சி முகத்தில்தான் இருந்தது.

"கேமராவுல ஒரு கோளாறும் இல்லம்மா" என்றார். அப்புறம் அவர் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. கூலியும் வாங்கவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தக் கேமராவை எவ்வளவு திட்டினீர்கள்!

மேஜைமேல் வைத்திருக்கிறேன், சார்ஜும் போட்டாயிற்று. நாலு மணிக்குத் தங்கச்சி வருவாள். குறுக்கே நிற்க நான் இருக்க மாட்டேன். ஆசை தீர எடுங்கள்.

சொல்ல மறந்துவிட்டேன்: நாற்பத்தொரு படங்களையும் அந்தச் சிவப்புக் கட்டத்தோடு காலையிலேயே அவள் புருஷனுக்கு அனுப்பிவிட்டேன். அவரும் கூட வருகிறார். டீத்தூள் கொஞ்சம்தான் இருக்கிறது, மூன்று பேருக்குத் தாங்கும்.