மாரியம்மா மீதல்ல, என் மீதே புகார்

அனுப்புநர்:
கோ. பூவராகவன் (வயது 66),
ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர்,
ரயில் நிலையப் பின்தெரு,
ஊரப்பாக்கம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
நிர்வாக அலுவலர் அவர்கள்,
அலைவாய்க் கலை வளாகம்,
மாமல்லபுரம்.

பொருள்: வாயிற்காவலர் திருமதி மாரியம்மா பணியிலிருந்து நிறுத்தப்பட்டது – அதற்குக் காரணமான என் புகாரைத் திரும்பப் பெறுதல் – தவறு என்னுடையதே எனத் தெரிவித்து, அவரை மீண்டும் பணியில் அமர்த்த வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்களுக்கு நான் அளித்த 03.02.2025 நாளிட்ட புகார் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் இதே கையெழுத்தில் தங்களுக்கு ஒரு புகார் வந்தது. அதில் பாதி நடந்தது, மீதி என் ஆத்திரம். அதை நம்பித் தாங்கள் ஒரு பெண்ணின் வேலையை நிறுத்தினீர்கள். தங்களைக் குறை சொல்ல இம்மனுவை எழுதவில்லை. அன்று நான் எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

1. நாங்கள் நால்வர். நான், என் தெருவில் வசிக்கும் ஓய்வு பெற்ற செவிலியர் திருமதி விஜயகுமாரி, வட்டாட்சியர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற திரு. ஜெகதீசன், படாளத்து விவசாயி திரு. முனிசாமி. நான்கு ஆண்டுகளுக்கு முன் தங்கள் வளாகத்தின் முன்வரிசையில்தான் முனிசாமி எங்களுக்கு அறிமுகமானார். அன்றிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை பிற்பகல் நடக்கும் இலவச நிகழ்ச்சிகளில் ஒன்றைக்கூட நாங்கள் தவறவிட்டதில்லை. பரதநாட்டியம், நாகசுரம், தெருக்கூத்து எதுவானாலும் போவோம். திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றியே சண்டை போடுவோம். வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒரு சிநேகிதம் எங்களில் யாருக்கும் வாய்க்கவில்லை.

2. ஜெகதீசனுக்கு இரண்டு ஆண்டுகளாக ஞாபக மறதி. வீட்டு எண் மறந்துவிடும், சில நாள் என் பெயரும் மறந்துவிடும். ஆனால் மேடையில் மத்தளம் கேட்டால் அவர் விரல் தொடையில் தாளம் தப்பாமல் போடும். அவர் மகள் திவ்யா அவரை எங்களோடு அனுப்பியதே என்னை நம்பித்தான். “அங்கிள், நீங்க பத்திரமா இட்டுகினு வந்துடுவீங்கன்னுதான் அனுப்பறேன்” என்று அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் சொல்லும்.

3. முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் நடத்துநர். வண்டியில் தலை எண்ணும்போது நடத்துநர் தன்னை எண்ணமாட்டார், பயணிகளை மட்டுமே எண்ணுவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. திரும்பும் பேருந்தில் கடைசியாக ஏறுவேன், எங்கள் ஆட்களை எண்ணுவேன், மூன்று வந்ததும் “ரைட்” என்பேன். மூன்று என்றால் எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று பொருள். அதை வைத்து மற்றவர்கள் என்னைக் கேலி செய்வதும் உண்டு.

4. 01.02.2025 அன்று தெருக்கூத்து. ஐந்தரை மணிக்கு முடிந்தது. செங்கல்பட்டுப் பேருந்தில் கூட்டம். விஜயகுமாரி முன்பக்கம் பெண்கள் இருக்கையில், முனிசாமி நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு. நான் எண்ணத் தொடங்கும்போது விஜயகுமாரி திரும்பி, “அண்ணே, நீங்களும் இப்ப பேசஞ்சருதான். உங்களையும் சேத்து எண்ணுங்க” என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. ஓய்வு பெற்ற இத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக என்னையும் சேர்த்து எண்ணினேன். மூன்று வந்தது. வாய் தானாக “ரைட்” என்றது.

நான்கு வந்திருக்க வேண்டும், ஐயா. இந்தக் கணக்கை என் முந்தைய மனுவில் நான் எழுதவில்லை.

5. திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் இறங்கி இருக்கைகள் காலியான பிறகுதான் ஜெகதீசன் இல்லை என்பது தெரிந்தது. அவருடைய கைப்பேசி என் பையில் இருந்தது. தொலைத்துவிடுவார் என்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன். மூவரும் இறங்கி எதிர்ப்பேருந்து பிடித்துத் திரும்பி வந்தபோது மணி ஏழு. வளாகத்தின் கதவு பூட்டிக் கிடந்தது. அருகில் கடல். அவரைத் தேடி அலைந்த அடுத்த ஒரு மணி நேரம் நான் பட்ட பாட்டை எழுத எனக்குத் தெரியவில்லை. விஜயகுமாரி மணலில் உட்கார்ந்து அழுதார்.

6. மீனவர் குப்பத்தில் விசாரித்து, மாரியம்மாவின் வீட்டில் ஜெகதீசனைக் கண்டோம். யாருடைய லுங்கியோ கட்டிக்கொண்டு, மீன்குழம்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நிம்மதிதான் வந்திருக்க வேண்டும், கோபம்தான் வந்தது. யாரைக் கேட்டு அழைத்து வந்தாய், வேட்டியை ஏன் கழற்றினாய் என்று தெருவே கூடி நிற்கக் கத்தினேன். அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை. “இன்னாத்துக்கு அண்ணாத்த கத்துற? அவரு துன்னு முடிக்கட்டும், அப்பால என்னைத் திட்டு” என்றார். நான் திட்டியதோடு நிற்காமல், திங்கட்கிழமை தங்களுக்குப் புகாரும் எழுதினேன்.

7. நடந்தது இதுதான். கூத்துக் கலைஞர்கள் வேடம் கலைப்பதைப் பார்க்க ஜெகதீசன் மேடைக்குப் பின்னால் போயிருக்கிறார். அவர்களும் புறப்பட்ட பிறகு எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பயந்து, வேட்டியை நனைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறார். மாரியம்மா கேட்டபோது ஊர் பேர் எதுவும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கடற்காற்றில் அவர் நடுங்கியதால், ஏழு மணி வரை இருக்க வேண்டிய மாரியம்மா ஆறேகாலுக்கே கதவைப் பூட்டிவிட்டு அவரை வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார். பணி நேரம் முடியும் முன் சென்றார் என்று நான் எழுதியது உண்மை. யாரிடமும் தகவல் சொல்லாமல் சென்றார் என்று எழுதியது பொய்.

8. அது பொய் என்று எனக்கே இம்மாதம் முதல் தேதிதான் தெரிந்தது. அன்று ஜெகதீசன் இல்லாமல் நாங்கள் மூவர் மட்டும் வந்தோம். வாயிலில் வேறொருவர் நின்றார். கதவை ஒட்டிக் கரும்புச்சாறு விற்கும் லோகு என்பவர் என்னை அடையாளம் கண்டு, “அக்கா என்கைல சொல்ட்டுதான் சார் போச்சு. யாருனா தேடிகினு வந்தா வூட்டுக்கு அனுப்புன்னுச்சு. நீ ரோடு பூரா கேட்ட, என்னைக் கேக்கலியே” என்றார். பிறகு, “உன் லெட்டரால அதுக்கு வேலை பூட்ச்சு” என்றும் சொன்னார். அன்று நாங்கள் நிகழ்ச்சி பார்க்கவில்லை. அப்படியே திரும்பிவிட்டோம்.

9. மாரியம்மா அந்த வேட்டியைத் துவைத்து, மடித்து, மறுவாரம் இரண்டு பேருந்து மாறி ஊரப்பாக்கம் வந்து திவ்யாவிடம் கொடுத்திருக்கிறார். வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். திவ்யா தன் தந்தையை இப்போது எங்களோடு அனுப்புவதில்லை. அது நியாயம். “அந்த அம்மா வாசல் கேட்டாண்ட நின்னா அனுப்பறேன் அங்கிள். உங்களை நம்பி இனிமே அனுப்ப மாட்டேன்” என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. மாரியம்மாவின் வேலை போனது யாரால் என்று, லோகுவிடம் கேட்டுத் திரும்பிய அன்றுதான் திவ்யாவிடம் சொன்னேன்.

ஜெகதீசன் எங்களோடு மீண்டும் வரவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன் என்று தாங்கள் நினைக்கலாம். அந்த ஆசை எனக்கு இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். ஆனால் அவர் இனி வராமலே போனாலும் மாரியம்மா அந்தக் கதவருகே இருக்க வேண்டியவர். தொலைந்த ஒருவரை இப்படிப் பார்த்துக்கொள்கிறவரைவிட நல்ல காவலர் தங்களுக்குக் கிடைக்கமாட்டார்.

ஆகவே, என் முந்தைய புகாரைத் தள்ளுபடி செய்து, திருமதி மாரியம்மாவை அதே வாயிலில், அதே பணியில் அமர்த்த வேண்டுகிறேன். விசாரணைக்கு எந்த நாள் அழைத்தாலும் வருவேன். நான் கத்திய அதே தெருவில் நின்று அவரிடம் மன்னிப்பும் கேட்பேன். அதற்குத் தங்கள் உத்தரவு தேவையில்லை.

முன்பெல்லாம் இதுபோன்ற மனுக்களை எங்களுக்கு எழுதித் தந்தவர் ஜெகதீசன்தான். இப்போது நானே எழுதுவதால் நடையில் பிழையிருந்தால் பொறுத்தருள்க. திவ்யாவின் அனுமதியோடு அவருக்கு இதை முழுதும் படித்துக் காட்டினேன். மாரியம்மா யார் என்பது அவருக்கு நினைவில்லை. மீன்குழம்பு நினைவிருக்கிறது. பேனாவை வாங்கிக் கையெழுத்திடத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். அதை அப்படியே ஏற்கக் கோருகிறேன்.

கீழே உள்ள கையொப்பங்களை எண்ணிப் பார்த்துவிட்டேன், ஐயா. என்னையும் சேர்த்து நான்கு.

இடம்: ஊரப்பாக்கம்
நாள்: 05.03.2025

இங்ஙனம்,
கோ. பூவராகவன்
சு. விஜயகுமாரி
மு. முனிசாமி
ஜெகதீ